பின்பக்கச் சொக் தேய்ந்தால்: பழைய கார் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை

அம்மாவின் முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஓர் எறிகணைச் சிதறல் 1990ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. எடுப்பதுதான் கூடுதல் ஆபத்து என்று வைத்தியர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்முனையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அவரைக் காரில் கூட்டிச் செல்வேன். ஒரு பக்கம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஓட்டம். கடந்த வருடம் ஆடி மாதம் ஒருநாள், திரும்பி வரும்போது அம்மா சொன்னார்: "இந்தக் கார்ல இனி நான் வரல்ல. பஸ்லயே போறன்."

பின் ஆசனத்தில் இருந்த அவரை ஒவ்வொரு வேகத்தடையும் இரண்டு மூன்று தடவை தூக்கிப் போட்டிருக்கிறது. முன்னால் இருந்து ஓட்டிய எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீதி மோசம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்களிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, எல்லோரும் '110' என்று சொல்லும் கார். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அப்பா வாங்கியது. அடுத்த நாள் சாய்ந்தமருதில் அப்பா வழக்கமாகப் போகும் கராஜுக்குக் கொண்டு போனேன். அங்குள்ள காக்கா காரைத் தூக்கவில்லை, கீழே குனிந்து பார்க்கவும் இல்லை. டிக்கி மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து ஒரு அமத்து அமத்திவிட்டுக் கையை எடுத்தார். காரின் பின்பக்கம் மேலே எழும்பி, கீழே போய், மறுபடி எழும்பி, மறுபடி இறங்கியது.

"பாத்தீங்களா புள்ள? ஒருக்கா அமத்துனா ஒருக்கா எழும்பி நிக்கணும். இது தொட்டில் மாதிரி ஆடுது. எத்தின நாளா இப்பிடி?"

"தெரியாது காக்கா."

"தெரியாதுதான். சொக் ஒரே நாள்ல சாகாது. அது கொஞ்சம் கொஞ்சமாப் போகும், நாமளும் கொஞ்சம் கொஞ்சமாப் பழகிருவம்."

யுத்த காலத்தில் இல்லாததைச் சமாளித்துத்தான் நாங்கள் வாழ்ந்தோம். பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். அந்தச் சமாளிப்பு பலரின் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் பழகிப்போவது ஆபத்தாக முடியும் இடங்களும் உண்டு. காரின் பின்பக்கச் சொக் அவற்றில் ஒன்று. ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்ற எனக்கு நட் போல்ட் பற்றி யாரும் சொல்லித் தந்ததில்லை. கராஜில் கேட்டும், வாசித்தும், என் காரில் பார்த்தும் அறிந்ததை, என்னைப் போலப் பழைய வாகனம் வைத்திருப்பவர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சொக்கின் வேலை என்ன?

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது சொக் எப்சோபர், பேச்சில் சொக். பள்ளத்தில் சில்லு விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கி விரியும். அதை அடக்க ஒன்றும் இல்லாவிட்டால் அது தொடர்ந்து ஆடிக்கொண்டே இருக்கும். சொக்கின் குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய்க்குள் ஒரு தண்டு மேலும் கீழும் போகிறது. தண்டின் நுனியில் உள்ள சிறு துவாரங்களுக்கூடாக எண்ணெய் நெருக்குப்பட்டுப் போகும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது. பெரும்பாலான இன்றைய சொக்குகளில் எண்ணெய் நுரைக்காமல் இருக்க நைதரசன் வாயுவும் அடைத்திருப்பார்கள்.

தண்டு வெளியே வரும் வாயில் ஒரு இறப்பர் சீல் உண்டு. தூசும் மணலும் துருவும் அந்தச் சீலைத் தின்றுவிட்டால் எண்ணெய் கசியும். வெளியே கசியாமல் உள்ளே வால்வு தேய்வதும் உண்டு. இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: சில்லு வீதியை விட்டுத் துள்ளும். வீதியைத் தொடாத டயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது, வளைவில் காரைப் பிடித்து வைக்கவும் முடியாது.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர் ஓடுகிறது. மழை பெய்த வீதியில் பின்சில்லுகள் துள்ளிக்கொண்டிருக்கும் அரைச் செக்கன்கூட மிக நீளமானது.

ஸ்ட்ரட் என்றால் வேறா?

வேறுதான். சாதாரண சொக் ஆட்டத்தை மட்டும் அடக்கும். ஸ்ட்ரட்டில் சொக்கைச் சுற்றி ஸ்பிரிங் ஏறியிருக்கும். அதோடு சில்லைச் சரியான கோணத்தில் நிமிர்த்திப் பிடிக்கும் தூணும் அதுதான். அமெரிக்கப் பொறியியலாளர் ஏர்ல் மக்பேர்சன் 1940களில் வடிவமைத்த முறை இது. பெரும்பாலான கார்களில் முன்பக்கம் மட்டும் இப்படி இருக்கும். '110' கொரோலாவில் பின்பக்கமும் ஸ்ட்ரட்தான்.

விட்ஸ், வேகன் ஆர் போன்ற கார்களில் பின்பக்கம் ஸ்பிரிங் வேறாகவும் சொக் வேறாகவும் இருக்கும். அவற்றில் மாற்றுவது சுலபம், கூலியும் குறைவு. பழைய ஹையேஸ் வான்களில் பின்னால் இலை ஸ்பிரிங்கும் தனிச் சொக்கும் உண்டு. உங்கள் வாகனத்தில் எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விலை கேட்கும்போது ஏமாறாமல் இருக்க அது உதவும்.

தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

அமத்திப் பார்த்தல்: சமதரையில் காரை நிறுத்தி, பின் மூலை ஒன்றைப் பலமாக அமத்திக் கையை எடுங்கள். எழும்பி ஒருமுறை தணிந்து நின்றால் நல்லது. அதற்கு மேல் ஆடினால் சொக் தளர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். ஆனால் துருப்பிடித்து இறுகிய புஷ்கள் இந்த ஆட்டத்தை மறைக்கக்கூடும். ஆடவில்லை என்பதால் மட்டும் சொக் நல்லது என்று நம்ப வேண்டாம்.

எண்ணெய்: சில்லுக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள். குழாயின் மேற்பகுதியில் மெல்லிய ஈரமும் அதில் ஒட்டிய தூசும் இருந்தால் உடனே பயப்படத் தேவையில்லை. கோடு கோடாக வழிந்து கீழ்ப்பகுதி வரை நனைந்திருந்தால் அது முடிந்துவிட்டது.

டயர்: டயரின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். சிறு சிறு குழிகளாக, மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் சில்லு துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. ஓடும்போது தாங்கி போனது போல ஒரு இரைச்சலும் கேட்கும்.

ஓட்டம்: வேகத்தடையைக் கடந்த பிறகும் பின்பக்கம் ஆடுதல், வளைவில் பின்பக்கம் வெளியே இழுபடுதல், பிரேக் பிடித்தால் மூக்குக் குத்துதல், பெரிய பஸ் ஒன்று எதிரே கடந்து போனால் கார் அசைதல்.

பின் ஆசனம்: இதுதான் நான் தவறவிட்டது. ஓட்டுபவருக்குப் பின்பக்க ஆட்டம் குறைவாகத்தான் தெரியும். பின்னால் இருப்பவர் முறையிட்டால் அதை வயதின் குறை என்றோ வீதியின் குறை என்றோ தள்ளிவிடாதீர்கள். ஒருநாள் வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்களே பின்னால் ஏறி இருந்து பாருங்கள்.

சொக் என்று நினைத்தால் சொக் இல்லை

சத்தம் வந்தவுடன் சொக்கை மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்கள் பலர். முதலில் டிக்கியைத் திறந்து ஜக்கும் மேலதிகச் சில்லும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் 'டொக் டொக்' என்ற சத்தம் பல தடவை அங்கிருந்துதான் வருகிறது. அடுத்தது, சரிவைத் தடுக்கும் கம்பியின் லிங்க் ரொட். அதன் பிறகு புஷ்களும், சொக்கின் உச்சியில் உள்ள இறப்பர் மவுண்டிங்கும்.

கார் பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்றால் அது ஸ்பிரிங்கின் குறை, சொக்கின் குறை அல்ல. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் என்று மேலே சொன்னேன். புதுச் சொக் போட்டாலும் தாழ்ந்த கார் தாழ்ந்தே நிற்கும். ஸ்பிரிங்கின் கடைசி வளையம் துருப்பிடித்து வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடலோரத்தில் இது அடிக்கடி நடப்பது.

நமது கரையில் ஏன் அதிகம்?

பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை ஊர்கள் எல்லாம் கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒரே கோடாக இருக்கின்றன. உப்புக் காற்று வருடம் முழுவதும் இரும்பைத் தின்கிறது. கடற்கரை வீதிகளின் மணல் தண்டில் ஒட்டிச் சீலை அறுக்கிறது. பிரதான வீதியில் பாடசாலை, பள்ளிவாசல், கோயில் முன்னால் வேகத்தடைகள். உள்ளே திரும்பினால் கிரவல் பாதை. அறுவடைக் காலத்தில் டிக்கியில் நெல் மூட்டை ஏற்றாத கார் எங்கள் பக்கம் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார்கள் இன்னும் பழையவையாகின. இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே இருக்கும் காரைத்தான் ஓட்ட வேண்டும்.

தனியார் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். அந்தப் பரிசோதனையில் பார்ப்பது புகையை மட்டும். சொக்கை யாரும் பார்ப்பதில்லை. அதை நாங்களேதான் பார்க்க வேண்டும்.

மூன்று வழிகள்

காக்கா என் முன் மூன்று வழிகளை வைத்தார்.

முதலாவது, புதியது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பிக்கலாம். ஜப்பானியத் தயாரிப்புகளுக்குப் போலிகளும் உண்டு. பெட்டியில் உள்ள இலக்கமும் சொக்கில் பொறித்த இலக்கமும் ஒன்றா, எழுத்துகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் எழுத்தில் கேளுங்கள். வாகனத்தின் செசி இலக்கத்தைக் கொடுத்தே ஓடர் செய்யுங்கள். ஒரே பெயருள்ள காரிலும் மாதிரிக்கு மாதிரி சொக் வேறுபடும்.

இரண்டாவது, ஜப்பானிலிருந்து உதிரியாக வரும் பாவித்த சொக். விலை குறைவு. ஆனால் அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. வாங்குவதானால் நிமிர்த்தி வைத்துத் தண்டை முழுதாக அமத்திப் பாருங்கள். சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். இடையில் ஒரு இடத்தில் வெறுமையாக வழுக்கினால் வேண்டாம். தண்டில் துருப் புள்ளியோ கீறலோ இருந்தாலும் வேண்டாம். அது புதுச் சீலையும் கிழித்துவிடும்.

மூன்றாவது, பழையதையே திறந்து எண்ணெய் நிரப்பி மூடுவது. "இத நான் செய்றல்ல புள்ள. செய்ற இடம் இரிக்கு. ஆனா நான் சொல்லமாட்டன்" என்றார்.

நான் அவர் சொல்லைக் கேட்கவில்லை. கட்டுரைகளுக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. இன்னொரு இடத்தில் எண்ணெய் நிரப்பினேன். முதல் இரண்டு மாதமும் கார் நன்றாகவே இருந்தது. அம்மாவும் பஸ் பேச்சை விட்டுவிட்டார். மார்கழியில் ஓர் இரவு மட்டக்களப்பிலிருந்து வந்துகொண்டிருந்தோம். நல்ல மழை. களுவாஞ்சிக்குடி தாண்டியதும் வீதியின் நடுவில் ஒரு மாடு நின்றது. பிரேக்கை மிதித்தேன். முன்பக்கம் குத்தியது, பின்பக்கம் வலது புறமாகச் சுழன்று போனது. கார் குறுக்காக நின்றபோது எதிரே ஒரு வாகனமும் வரவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். மாடு அசையவில்லை. அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் கை மட்டும் என் இருக்கையின் முதுகைப் பிடித்தபடி இருந்தது.

அடுத்த நாள் கழற்றிப் பார்த்தபோது இரண்டு சொக்கிலும் எண்ணெய் இல்லை. மழை, மாடு, என் வேகம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நான் மிச்சம் பிடித்த பணத்துக்கும் பங்கு உண்டு.

ஒரு எச்சரிக்கை: வாயு அடைத்த சொக்கை வீட்டில் துளையிடவோ, வெட்டவோ, தீயில் காட்டவோ கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கிறது. பழையதைச் சிறுவர்கள் கையில் விளையாடவும் விடாதீர்கள். ஸ்பிரிங் வளையங்களுக்கு இடையில் இறப்பர் துண்டு செருகுவதும், ஸ்பிரிங்கை வெட்டிக் குறைப்பதும் தேய்ந்த சொக்குக்கு மருந்து அல்ல.

மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்

தனிச் சொக் என்றால் அனுபவம் உள்ளவர் வீட்டிலேயே மாற்றலாம். ஸ்ட்ரட்டை வீட்டில் மாற்ற வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அமுங்கிய ஸ்பிரிங் ஒன்று கைதவறினால் எலும்பை முறிக்கும், உயிரையும் எடுக்கும். கராஜில் செய்யும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், காக்கா சொன்னதுபோல, "ஒரு கால்ல செருப்பு, மத்தக் கால்ல சப்பாத்து."

2. கார் ஜக்கில் மட்டும் நிற்கக் கூடாது. அடியில் தாங்கி வைக்க வேண்டும், முன்சில்லுகளுக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

3. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் அடுத்த நாள் போல்ட் முறியாது. கடலோரக் கார்களுக்கு இது கட்டாயம்.

4. ஸ்ட்ரட்டோடு பிணைத்திருக்கும் பிரேக் குழாயைக் கழற்றிவிட வேண்டும். சில்லுப் பகுதி அந்தக் குழாயில் தொங்கக் கூடாது, கீழே முண்டு கொடுக்க வேண்டும்.

5. ஸ்ட்ரட்டின் மேல் நட்டுகள் காருக்குள்ளே, பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். உடலோடு பிணைக்கும் ஓர நட்டுகள் வேறு, நடுவில் உள்ள பெரிய நட் வேறு. ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் அமத்திக் கட்டும் வரை நடு நட்டில் கை வைக்கவே கூடாது. கருவி இல்லாமல் கயிறு, கம்பி கட்டி வேலை செய்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

6. புதுச் சொக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து தடவை முழுதாக அமத்தி இழுக்க வேண்டும். படுக்க வைத்திருந்த சொக்கில் காற்று நிற்கும். பளபளக்கும் தண்டைக் குறட்டால் பிடிக்கக் கூடாது. ஒரு கீறல் போதும், சீல் போய்விடும்.

7. உச்சி மவுண்டிங், தண்டில் மாட்டும் இறப்பர் தடுப்பு, தூசு மறைக்கும் உறை ஆகியவற்றையும் அதே நேரத்தில் மாற்றுங்கள். பிறகு அவற்றுக்காக மறுபடி எல்லாம் கழற்றினால் கூலி இரட்டிப்பாகும்.

8. இறப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் தரையில் சில்லில் நிற்கும்போதே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுகிச் சீக்கிரம் கிழியும்.

9. ஸ்ட்ரட் மாற்றினால் நான்கு சில்லுக்கும் வீல் எலைன்மென்ட் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புது டயரும் ஓரம் தின்று போகும்.

பணம் ஒரேயடியாக இல்லாதவர்கள் அது சேரும் வரை செய்யக்கூடியது: வேகத்தைக் குறையுங்கள், முன் வாகனத்துக்கு இடைவெளி கூட்டுங்கள், டிக்கியில் பாரம் ஏற்றாதீர்கள், மழை இரவில் தூரப் பயணத்தைத் தவிருங்கள். இதைத் தீர்வு என்று நினைத்துவிடாதீர்கள்.

சொந்தக் கார் இல்லாதவர்களுக்கு

எங்கள் வாசகர்களில் பலரிடம் கார் இல்லை என்பது எனக்குத் தெரியும். வைத்தியசாலைக்கும், விசாரணைகளுக்கும், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக நடக்கும் போராட்டங்களுக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாடகை வான் பிடித்துக் கொழும்புக்கும் வவுனியாவுக்கும் போகிறீர்கள். இரவில் புறப்பட்டு விடியப் போய்ச் சேரும் பயணங்கள் அவை. ஏறுமுன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். டயரைத் தடவிப் பாருங்கள். பின்சில்லுக்கு உட்புறம் டோர்ச் அடித்து எண்ணெய் வழிகிறதா என்று பாருங்கள். சாரதியிடம், "தம்பி, சொக் எப்ப மாத்துன?" என்று கேளுங்கள். அதில் அவருக்கு அவமானம் ஒன்றும் இல்லை. நல்ல சாரதி பதில் சொல்லுவார். உடலில் காயமோ சிதறலோ உள்ளவர்களைக் கடைசி ஆசனத்தில் ஏற்றாமல், இரண்டு அச்சுக்கும் நடுவில் உள்ள ஆசனத்தில் இருத்துங்கள். அங்குதான் குலுக்கல் குறைவு.

தை மாதம் எங்கள் காருக்குப் புதுச் சோடி போட்டோம். என் இரண்டு மாத வருமானம் அதில் போனது. வேலை முடிந்ததும் காக்கா மறுபடி டிக்கியை அமத்திவிட்டுக் கையை எடுத்தார். கார் எழும்பி நின்றது. பிறகு என்னையும் அமத்தச் சொன்னார். "ஒவ்வொரு மாசமும் இப்பிடி ஒருக்கா அமத்திப் பாருங்க. உம்மாவக் கேட்டும் பாருங்க" என்றார்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கல்லாறு வேகத்தடையில் காரை மெதுவாக ஏற்றி இறக்கிவிட்டுக் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.